குறைந்த செலவில் சமையல் மேடை: எந்தக் கல், எந்தப் பலகை?

எங்கள் பழைய சமையல் மேடை லேமினேட் ஒட்டிய பலகை. போட்ட புதிதில் பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாம் வருடம் ஒருநாள் துடைக்கும்போது, சிங்கை ஒட்டிய முன்விளிம்பில் மெல்லிய மேடு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் வாசலில் நின்று பார்த்தாலே தெரிகிற அளவுக்கு அது உப்பிவிட்டது. சிங்கைக் கழற்றிப் பார்த்தோம். பலகையில் வெட்டிய ஓட்டையின் விளிம்பு முழுக்க ஊறி, நனைந்த அட்டை மாதிரி கையோடு வந்தது. மேலே இருந்த லேமினேட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டை வெட்டியவர் அந்த வெட்டு விளிம்பில் எதையும் பூசாமல் அப்படியே சிங்கை இறக்கியிருந்தார். பத்து நிமிட வேலை, ஒரு டியூப் சிலிகான். அது விட்டுப்போனதால் மேடை முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த மேடைக்குப் பொருள் தேடியபோது, சதுர அடி என்ன விலை என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். ஒவ்வொரு பொருளைப் பார்க்கும்போதும் முதலில் கேட்டது இதைத்தான்: இது எங்கே கெடும், எப்படிக் கெடும், கெட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா? வாங்கும்போது மலிவாக இருந்து, ஒரு மூலை கெட்டதற்காக முழுவதையும் பெயர்க்க வைக்கிற பொருள் மலிவே அல்ல. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் கீழே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

முதலில், மேடை ஒன்றல்ல மூன்று

உங்கள் மேடை முன்னால் ஒருநாள் நின்று பாருங்கள். சிங்கைச் சுற்றி இரண்டடிக்கு எந்நேரமும் ஈரம். அடுப்பைச் சுற்றி சூடு, எண்ணெய், இறக்கி வைக்கிற பாத்திரங்களின் கனம். இரண்டுக்கும் நடுவே நறுக்குவது, பிசைவது, கலப்பது. மூன்று இடங்களுக்கும் வேலை வேறு. சிங்க் பக்கம் நன்றாக உழைக்கிற பொருள் அடுப்புப் பக்கம் தோற்கலாம். மேடை முழுக்க ஒரே பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம். அதை விட்டுவிட்டாலே பாதிச் செலவு குறைய வழி பிறக்கும்.

இன்னொன்று. இருக்கிற மேடையைப் பெயர்க்கத்தான் வேண்டுமா? பழைய கிரானைட் மேடை மங்கிப்போயிருந்தால் அதை இருந்த இடத்திலேயே மறுபடி பாலிஷ் போட முடியும். கல் கெட்டியாக இருந்து, சிங்கைச் சுற்றியுள்ள சிலிகான் மட்டும் கறுத்துப்போயிருந்தால், அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக இழுத்தாலே மேடை புதிதாகத் தெரியும். கட்டிய கான்கிரீட் பலகை அடியில் பலமாக இருந்தால் அதன்மேல் டைல்ஸ் ஒட்டலாம். இதையெல்லாம் யோசித்து முடித்த பிறகுதான் புதிய பொருளுக்குப் போக வேண்டும்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

கல்லின் விலை என்று கடையில் சொல்வது கல்லின் விலை மட்டும்தான். வெட்டுக்கூலி, விளிம்பு உருட்டி பாலிஷ் போடும் கூலி, சிங்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை போடுவது, ஏற்றி இறக்குவது, பதிப்பது, சுவரோரம் நிற்கிற பட்டை என்று எல்லாம் தனித்தனி. இவற்றைக் கூட்டினால் சில சமயம் கல்லின் விலையையே தாண்டிவிடும். அதனால் இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது, பதித்து முடித்துக் கொடுக்க எவ்வளவு என்று கேட்டு, அந்தக் கணக்கை மட்டும் ஒப்பிடுங்கள்.

சேதாரமும் அப்படித்தான். மேடையின் அகலம் வழக்கமாக 600 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டடி. நீங்கள் வாங்குகிற முழுக்கல் பலகையின், அதாவது ஸ்லாபின், அகலத்தில் அந்த 600 எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். ஒருமுறை வெட்டிய பிறகு ஓரடிப் பட்டை மிஞ்சி வீணாகிறது என்றால் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள். தாளில் மேடையை வரைந்து, அளவு எழுதி, எந்தத் துண்டு எந்த ஸ்லாபிலிருந்து வரும் என்று வெட்டுபவரோடு உட்கார்ந்து பாருங்கள். மிஞ்சுகிற பட்டையைச் சுவரோரப் பட்டையாகவோ ஜன்னல் அடிக்கல்லாகவோ பயன்படுத்தச் சொல்லலாம். மேடை சிறியதாக இருந்தால் பெரிய வேலைகளில் மிஞ்சிய துண்டுக் கற்களைக் கேளுங்கள். நல்ல தரமான கல், முழு ஸ்லாபை விடக் குறைந்த விலையில் அங்கேதான் கிடைக்கும்.

கிரானைட்

கிரானைட்டில் முக்கியமாக இருப்பவை குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கொஞ்சம் மைக்கா. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. சமையலறைக் கத்தியின் எஃகு ஏறக்குறைய 5½ முதல் 6½. அதனால் கிரானைட் மேல் வைத்து நறுக்கினால் மழுங்குவது கத்திதான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அப்படியே வைக்கலாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ வழக்கமான சமையலில் அதை ஒன்றும் செய்வதில்லை.

அது எங்கே கெடும்? இரண்டு இடங்களில். ஒன்று, கல்லுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாக எண்ணெய் இறங்கிக் கறையாகத் தங்கலாம். வெளிர் நிறக் கற்களில் இது அதிகம். இன்னொன்று, சிங்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை போட்ட இடத்தில் முன்னும் பின்னும் மிஞ்சும் குறுகலான பட்டை. கல் உடைந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

கறைக்குச் சோதனை சுலபம். கடையில் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். பாலிஷ் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். துடைத்த இடம் கருத்துத் தெரிந்தால் கல் குடிக்கிறது. அந்தக் கல்லுக்கு, துளைகளை அடைக்கிற சீலர் பூச வேண்டும், பிறகு அவ்வப்போது மறுபடியும் பூச வேண்டும். எப்போது பூசுவது என்பதையும் அதே தண்ணீர்ச் சொட்டு சொல்லிவிடும். மேடையில் விட்ட சொட்டு முத்தாக நிற்கும்வரை சீலர் வேலை செய்கிறது. பரவி இறங்க ஆரம்பித்தால் பூசும் நேரம் வந்துவிட்டது.

கறுப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பாலானவை புவியியல் கணக்கில் கிரானைட் அல்ல. காப்ரோ, டோலரைட் போன்ற வேறு தீப்பாறைகள், அதாவது உருகிய பாறைக் குழம்பு ஆறி இறுகிய கற்கள். இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டாம். அவை அடர்த்தியானவை, தண்ணீரை மிகக் குறைவாகத்தான் குடிக்கும், சமையல் மேடைக்கு அருமையானவை. கவலைப்பட வேண்டியது சாயம் ஏற்றிய கல்லுக்குத்தான். சாம்பல் நிறக் கல்லில் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பது உண்டு. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு இறங்கினால் அந்தக் கல் வேண்டாம். ஸ்லாபைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே வலை ஒட்டியிருந்தால், தனியாக நிற்கப் பலம் போதாத கல்லுக்குத் துணை கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். பார்க்க அழகாக இருந்தாலும் ஓட்டை போடும் மேடைக்கு அதை நான் எடுக்க மாட்டேன்.

எடையையும் மறக்கக் கூடாது. ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2,700 கிலோ. 20 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 54 கிலோ வரும். கட்டிய மேடையாக இருந்தால் பிரச்சினை இல்லை. அலமாரிப் பெட்டிகளின் மேல் வைப்பதானால் அந்தப் பெட்டிகளும் கால்களும் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

செலவு குறைய வேண்டுமென்றால் நிறத்தில் விட்டுக்கொடுங்கள், தடிமனில் விட்டுக்கொடுக்காதீர்கள். அரிய நிறம், ஓடும் கோடுகள், தூர தேசத்துக் கல் ஆகியவைதான் விலையை ஏற்றுபவை. பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வருகிற, புள்ளி புள்ளியாக இருக்கிற சாதாரணக் கல் அதே அளவு உழைக்கும். அந்தப் புள்ளிகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அடுப்போரத்துத் தெறிப்பும், காய்ந்த நீர்த்துளியும், இணைப்புக் கோடும் அவற்றில் கரைந்துவிடும். ஒரே கறுப்பாகப் பளபளக்கிற மேடையில் ஒவ்வொரு விரல்தடமும் தெரியும்.

கிரானைட் போலத் தெரியும் மற்றவை

பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் வேறு குடும்பம். இரண்டிலும் முக்கியமாக இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது கால்சைட். மோஸ் அளவுகோலில் அது வெறும் 3. பாத்திரத்தை இழுத்தாலே கோடு விழும். அமிலம் பட்டால் கல்லின் மேற்பரப்பே கரைந்து, பாலிஷ் போய், மங்கிய வட்டம் நிற்கும். கறை என்று நினைத்து எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, ஏனென்றால் அங்கே படிந்தது எதுவும் இல்லை, கரைந்துபோன கல்தான் இருக்கிறது.

குறைந்த விலையில் கிடைக்கும் கறுப்புக் கல் எல்லாமே தீப்பாறை என்று நம்பிவிட வேண்டாம். சில, அடர்நிறச் சுண்ணாம்புக் கற்கள். வாங்கி வந்த மாதிரித் துண்டின் பாலிஷ் பக்கத்தில் அரை எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்து, கால் மணி நேரம் கழித்துக் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மங்கிய தடம் தெரிந்தால் அதில் கால்சைட் இருக்கிறது. அலமாரித் தட்டுக்கும் பொருள் வைக்கும் திண்ணைக்கும் அது தாராளமாக ஆகும், விலையும் கையைக் கடிக்காது. சமைக்கிற மேடைக்கு வேண்டாம்.

குவார்ட்ஸ்

கடையில் குவார்ட்ஸ் என்று சொல்வது மலையில் வெட்டிய கல் அல்ல, தொழிற்சாலையில் செய்தது. எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் அரைத்த கனிமம், மீதி பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசினும் நிறமியும். கலவையை வெற்றிடத்தில் அதிர வைத்து அழுத்தி, சூட்டில் இறுக வைக்கிறார்கள். இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் உருவாக்கிய முறை இது. துளைகள் அனேகமாக இல்லை. சீலர் தேவையில்லை. ஸ்லாபுக்கு ஸ்லாப் நிறம் மாறாது. சுத்தம் செய்வதில் இவ்வளவு தொல்லை இல்லாத பொருள் குறைவு.

இது தோற்கும் இடம் அடுப்போரம். கல் சூட்டைத் தாங்கினாலும் பிசின் தாங்காது. 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஆபத்து. காய்ந்த வாணலியின் அடிப்பாகம் 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அப்படியே வைத்தால் வெளுத்த வட்டமோ மஞ்சள் தடமோ விழும், சில சமயம் விரிசலே விடும். வீட்டில் வைத்து அதைச் சரிசெய்ய நல்ல வழி எதுவும் இல்லை. வெயில் நேராக விழுகிற ஜன்னலோரத்தில் பிசின் நாளடைவில் மஞ்சளாகும். கடைகளில் இதைச் சாதாரண கிரானைட்டை விட உயர்ந்த பொருளாகவே பேசுவார்கள். குறைந்த பட்ஜெட்டில், சூடான பாத்திரம் ஓயாமல் இறங்குகிற சமையலறைக்கு, நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அது பெரிய காரணம். இந்தப் பலகையை உலர்வாக வெட்டும்போது கிளம்புகிற தூசியில் படிக சிலிக்கா மிக அதிகம். அதைச் சுவாசிக்கிறவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற குணப்படுத்த முடியாத நுரையீரல் நோய் வருகிறது. இந்தப் பலகைகளை வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலர் நோயுற்ற பிறகு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் பொருத்துவதற்கும் தடை போட்டது. முதலில் தடை செய்த நாடு அதுதான். மேடையாகப் பதித்த பிறகு வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் தீங்கு இல்லை. வெட்டுகிறவருக்குத்தான் தீங்கு. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு, அவ்வளவுதான். எந்தக் கல்லாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றி வெட்டும் பட்டறையிலேயே ஓட்டை உட்பட எல்லாவற்றையும் வெட்டி வரச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் வைத்து உலர் கட்டரை ஓட்ட வேண்டிய நிலை வந்தால், தண்ணீர் விடச் சொல்லுங்கள், நல்ல முகமூடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கேட்க நாம்தான் இருக்கிறோம்.

லேமினேட்

என் மேடையைக் கெடுத்த பொருள்தான், ஆனாலும் இதைத் தள்ளிவிட மாட்டேன். ஃபீனாலிக் பிசினில் ஊறிய பழுப்புத் தாள்களை அடுக்கி, மேலே மெலமைன் பிசின் ஏறிய வண்ணத் தாளை வைத்து, சூட்டோடு அழுத்தினால் லேமினேட். அமெரிக்காவில் 1912-13 வாக்கில் ஹெர்பர்ட் ஃபேபரும் டேனியல் ஓ'கானரும் மின்சாதனங்களில் காப்புப் பொருளாக இருந்த மைக்காவுக்கு மாற்றாக இதன் முன்னோடியைச் செய்தார்கள். மைக்காவுக்குப் பதில் என்ற பொருளில்தான் ஃபார்மைக்கா என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் அது மேசைக்கும் மேடைக்கும் வந்தது. கறை எளிதில் பிடிக்காது, எடை குறைவு, இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும், செலவு மிகக் குறைவு.

எடுப்பதென்றால் அடியில் என்ன பலகை என்பதைப் பாருங்கள். மரத்தூள் பலகையும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.பும் தண்ணீர் பட்டு உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. கொதிநீர் தாங்கும் தரத்து பிளைவுட் கூடுதல் செலவு, ஆனால் அதைச் சிங்க் பக்கத்துக்கு மட்டுமாவது போடுங்கள். வெட்டிய ஒவ்வொரு விளிம்பையும், குழாய்க்குப் போட்ட சின்ன ஓட்டை உட்பட, சிலிகானாலோ எபாக்சிப் பிசினாலோ அடைக்க வேண்டும். சிங்கின் உதடு மேடை மேல் உட்காருகிற வகையாகவே இருக்கட்டும். அடியிலிருந்து பொருத்துகிற சிங்க் லேமினேட் மேடைக்கு ஒத்துவராது, வெட்டு விளிம்பு நேராகத் தண்ணீரில் நிற்கும். நறுக்கக் கட்டை, இறக்கி வைக்கப் பிரிமணை, இரண்டும் கட்டாயம். கத்திக் கோடும் சூட்டுக் கொப்புளமும் விழுந்தால் அந்தத் தாளையே மாற்றினால்தான் உண்டு.

வாடகை வீடு, சில வருடங்களில் வேறு திட்டம் இருக்கிறது, கைவசம் பணம் இப்போது இல்லை என்றால் லேமினேட் நியாயமான முடிவு.

டைல்ஸ்

கான்கிரீட் பலகை ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு இதைவிட மலிவான, நீடித்த வழி எனக்குத் தெரியாது. ஆனால் பெரும்பாலும் தவறான டைல்ஸைப் போட்டுவிட்டு டைல்ஸ் மேடையே மோசம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

சுவருக்கான டைல்ஸ் வேறு, தரைக்கான போர்சலைன் அல்லது விட்ரிஃபைட் வேறு. சுவர் டைல்ஸின் உடம்பு தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடியது. மேலே கண்ணாடிப் பூச்சு இருப்பதால்தான் தாக்குப்பிடிக்கிறது. உரல் மாதிரி கனமான ஒன்று விழுந்து பூச்சு பெயர்ந்தால் அதோடு முடிந்தது. போர்சலைன் 0.5 சதவீதத்துக்கு மேல் குடிக்காது. சூடு, எண்ணெய், அமிலம் எதற்கும் அசைந்துகொடுக்காது. மேடைக்கு எடுக்க வேண்டியது இதைத்தான். உடைந்த விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருக்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, சிறு பெயர்ச்சி ஏற்பட்டாலும் வெளியே தெரியாது.

டைல்ஸ் மேடையின் பலவீனம் இணைப்பு. அதை நிரப்புகிற சிமென்ட் கலவை, அதாவது கிரவுட், துளைகள் நிறைந்தது. எண்ணெயையும் அழுக்கையும் குடித்துக் கறுக்கும், எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிறம் வராது. இதற்கு இரண்டு வழி. முதலாவது, இணைப்புகளையே குறைப்பது. மேடையின் அகலம் 600 மில்லிமீட்டர்தானே. 600க்கு 1,200 அளவு டைலை நீளவாக்கில் வைத்தால் அகலம் முழுவதையும் ஒரே டைல் மூடிவிடும். குறுக்காக 1.2 மீட்டருக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். இரண்டாவது, அந்தச் சில கோடுகளுக்கு எபாக்சி கிரவுட் போடுவது. சிமென்ட் கிரவுட்டை விட விலை அதிகம், வேகமாக இறுகும் என்பதால் கைப்பழக்கம் உள்ளவர் போட வேண்டும். ஆனால் வேண்டியது கொஞ்சம்தான். அது கறை குடிக்காது.

பசையும் முக்கியம். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகப் பசை வைத்து அழுத்தினால் அடியில் வெற்றிடம் நிற்கும், கனமான பாத்திரம் விழுந்தால் அங்கே உடையும். பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்து ஒட்ட வேண்டும். பசை இறுகிய பிறகு ஒரு நாணயத்தால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். டப்பென்று பொக்கைச் சத்தம் கேட்டால் அந்த டைலை அப்போதே எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். முன்விளிம்பில் இரண்டு டைலைச் சரிவாக வெட்டிச் சேர்ப்பதை விட, ஸ்டீல் அல்லது அலுமினியப் பட்டை வைப்பதே மேல். சரிவாக வெட்டிய முனை கத்தி மாதிரி மெலிந்திருக்கும், பாத்திரம் இடித்தால் பெயரும்.

வேலை முடிந்ததும் நாலைந்து டைலைப் பரணில் போட்டு வையுங்கள். ஒன்று உடைந்தால் அதை மட்டும் பெயர்த்து மாற்றலாம். நான் முதலில் கேட்ட கேள்விக்கு, இத்தனை பொருள்களில், மிக நல்ல பதில் சொல்வது டைல்ஸ்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்

உணவக அடுப்பறைகளில் மேடை ஏன் எப்போதும் ஸ்டீலாகவே இருக்கிறது? சூட்டைத் தாங்கும், தண்ணீரையும் எண்ணெயையும் குடிக்காது, சிங்கையும் மேடையையும் ஒரே தகடாகப் பற்றவைக்கலாம், இணைப்பே இருக்காது. சிங்க் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

304 தரம் கேளுங்கள். அதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத படலம்தான் துருவைத் தடுக்கிறது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. எழுத்தில் தரத்தைப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மெல்லிய தகட்டை அப்படியே போட்டால் அமுங்கும், பாத்திரம் வைக்கும்போதெல்லாம் அதிரும். அடியில் பிளைவுட் ஒட்டியாக வேண்டும். கீறல் விழும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இழை ஓடுகிற திசையிலேயே எப்போதும் தேய்த்தால் நாளடைவில் கீறல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே மங்கலாகிவிடும். குளோரின் ப்ளீச்சை ஊற்றி ஊற விடக் கூடாது, குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

மரம், கான்கிரீட், இன்னும் சில

கட்டியான மரப்பலகை நறுக்குமிடத்துக்கு இதமானது. கீறினால் இழைத்துத் தேய்த்துப் புதிதாக்கலாம். சிங்கை விட்டுத் தள்ளி இருக்கட்டும். மரம் ஈரத்துக்கு ஏற்ப இழைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும், அதனால் அடியிலிருந்து திருகும்போது நீள்வட்ட ஓட்டையில் திருக வேண்டும். இறுக்கிப் பூட்டினால் வெடிக்கும். மினரல் ஆயில் பூசுங்கள், சமையல் எண்ணெய் பூசினால் காறிப்போய் பிசுபிசுக்கும்.

கான்கிரீட்டை அங்கேயே வார்த்துப் பாலிஷ் போடுவது பொருள் கணக்கில் மலிவு, கைவேலை கணக்கில் அப்படி அல்ல. முழுப் பலம் பெற 28 நாள் என்பது கணக்கு. மயிரிழை விரிசல் வருவது இயல்பு. சிமென்ட் அமிலத்தில் கரையும், ஆகவே சீலர் இல்லாமல் ஆகாது. 40 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 96 கிலோ.

அக்ரிலிக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் கலந்து செய்யும் பலகை, டூபாண்ட் நிறுவனம் 1967-இல் உருவாக்கி, கோரியான் என்ற பெயரில் கொண்டுவந்தது. இணைப்புத் தெரியாமல் ஒட்டலாம், கீறலைத் தேய்த்து எடுக்கலாம். சூடு தாங்காது, விலையும் மலிவுப் பட்டியலில் சேராது. பெரிய போர்சலைன் ஸ்லாபும் அப்படித்தான். சூட்டுக்கும் கறைக்கும் அசையாது, ஆனால் வெட்டுவதற்குத் தனித்திறமை வேண்டும், விளிம்பு பெயரும், கூலி கூடும்.

என்னைக் கேட்டால்

சொந்த வீடு, நீண்ட நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் புள்ளி போட்ட சாதாரண கிரானைட், 18 முதல் 20 மில்லிமீட்டர். அதற்குப் பணம் கொஞ்சம் இடிக்கிறது என்றால், சிங்கிலிருந்து அடுப்புவரை மட்டும் கிரானைட், மிச்சத்துக்கு லேமினேட். அந்த மிச்சத்தில் மிக்ஸியும் டப்பாக்களும்தான் உட்காரப் போகின்றன. கான்கிரீட் பலகை இருக்கிறது, பணம் மிகக் குறைவு என்றால், யோசிக்காமல் பெரிய போர்சலைன் டைலும் எபாக்சி கிரவுட்டும். வாடகை வீடென்றால், நல்ல பிளைவுட் மேல் லேமினேட். நாங்கள் இந்தமுறை போட்டது கிரானைட், சிங்க் பக்கத்தில் ஓட்டைக்குப் பின்னால் குறுகலான பட்டை விடாமல், குழாயைச் சுவரிலிருந்தே எடுத்துக்கொண்டோம்.

எதைப் போட்டாலும், வேலை நடக்கும் நாளன்று பக்கத்தில் இருங்கள். கல்லில் வெட்டும் ஓட்டையின் உள்மூலைகள் வளைவாக இருக்க வேண்டும், கூர்மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். மேடை, அதன் அடியிலுள்ள அலமாரிக் கதவை விட ஓர் அங்குலமாவது முன்னால் நீண்டிருக்க வேண்டும். நீண்ட பகுதியின் அடியில் விளிம்போரமாக ஒரு கோடு கீறச் சொல்லுங்கள், வழிகிற தண்ணீர் அந்தக் கோட்டில் நின்று சொட்டிவிடும், கதவு மரத்துக்குப் போகாது. சிங்கை இறக்குவதற்கு முன் வெட்டு விளிம்பை நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். சிலிகான் இழுத்த பிறகு ஒருநாள் முழுக்க அங்கே தண்ணீர் படக் கூடாது. அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேறு இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.